கண்டி என்றொரு பெயர்



கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, என்னிடம் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், பஸ் பலகையில் சிங்களத்தில் மஹநுவர, தமிழில் கண்டி. ஒரே ஊருக்கு ஏன் இரண்டு பெயர்?"

மஹநுவர என்றால் பெருநகர். செங்கடகல என்பது அதன் பழம்பெயர். ஆனால், கண்டி என்பது நகரின் பெயராகப் பிறந்ததன்று. சிங்களத்தில் 'கந்த' என்பது மலை; 'கந்த உட ரட்ட' என்பது மலைமேல் அமைந்த நாடு. போர்த்துக்கேயர் அத்தொடரைச் சுருக்கிக் 'கந்தேயா' என்றனர். நாட்டின் பெயர் தலைநகரின் மேல் ஏறிக்கொண்டது. ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். மலைநாட்டில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், இது கிறிஸ்தவர் வழங்கும் பெயர், ஊரார் வழங்குவது வேறு என்று அன்றே குறித்துள்ளார்.

சீனத் தலைநகரின் கதையும் இதற்கு அயலானதே. 'வடதலைநகர்' என்னும் பொருளுடைய அதன் பெயரை ஆங்கிலம் நெடுங்காலம் பீக்கிங் என்றே எழுதியது. 1979இல் சீன அரசு தனது எழுத்துமுறையை வெளிநாட்டு மொழிகளுக்கான தன் வெளியீடுகளிலும் கைக்கொண்டபின், பெய்ஜிங் பரவியது. ஆயினும், அங்குள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் பீக்கிங் பல்கலைக்கழகமே.

அப்படியானால், கண்டி என்பதையும் அந்நியர் தந்த பெயரென்று நாம் கைவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் அப்பாயி புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். "எங்க தாத்தா கண்டிக்கு வந்தப்ப" என்றுதான் கதையைத் தொடங்குவார். அந்தத் தாத்தா கண்டி நகரில் ஒரு நாளும் குடியிருந்தவரல்லர். தமிழகத்துக் கிராமங்களில் கண்டிச்சீமை என்றால் இந்த மலையகம் முழுவதுமே. எந்தத் தோட்டத்துக்குப் புறப்பட்டாலும் 'கண்டிக்குப் போகிறேன்' என்பதே பேச்சு. ஏடறியாத அந்த மக்களின் வாயில், நகரப் பெயராய்க் குறுகிய சொல் மீண்டும் மலைநாடு என்னும் தன் பழைய பொருளைப் பெற்றுவிட்டது.

மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து வந்தவர்கள், இதே கட்டுகஸ்தோட்டையில்தான் மகாவலியைக் கடந்து தெற்கே மலையேறினார்கள். மாணவனுக்கு ஆற்றைக் காட்டி இதைச் சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது அவன் பலகையை மறுபடியும் ஒருமுறை பார்த்தான்.