வெறுங்கோப்பியும் பாற்கோப்பியும்: ஒரு வரலாற்று நோக்கு

கோப்பியைப் பாலுஞ் சீனியுங் கலவாது அருந்துவதே முறையென்பர் ஒரு சாரார். பாலின்றேல் அது கோப்பியே அன்றென்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு நாவின் சுவை பற்றியதென்றே பெரும்பாலோர் கருதுவர். ஆயினும், இப்பானத்தோடு பால் எப்பொழுது சேர்ந்தது, சீனி எதனாற் சேர்ந்தது என வினவத் தொடங்கின், சுவையின் எல்லையைக் கடந்து மருத்துவம், வாணிகம், அடிமை முறை, பயிர்நோய் ஆகியவற்றின் வரலாற்றினுட் புகவேண்டியவராவோம். அவ்வரலாற்றில் ஈழநாட்டிற்கும் ஒரு பங்குண்டு. அதனைச் சுருக்கமாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிச் செடியின் தாயகம் எதியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளாகும். அதனைப் பானமாக்கிப் பரப்பிய பெருமை யேமன் நாட்டிற்குரியது. 15ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சூபி ஞானியர், இரவு வழிபாட்டின்போது உறக்கத்தை வெல்லும்பொருட்டு இதனை அருந்தினர். 1511ஆம் ஆண்டில் மக்காவில் அதிகாரஞ் செலுத்திய கைர் பேக் என்பவர் இப்பானத்தைத் தடை செய்தார். ஆயினும் தடை நெடுநாள் நிலைக்கவில்லை. அக்காலக் கோப்பியிற் பால் இல்லை, சீனியும் இல்லை. அரேபியர் ஏலத்தை இட்டுக் காய்ச்சுவர். கசப்பைத் தணித்தற்குப் பேரீச்சம்பழத்தை உடன் உண்பர். இனிப்பு வாயில் இருந்ததேயன்றிக் கிண்ணத்தில் இல்லை. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்கு மீளுவோம்.

1573ஆம் ஆண்டில் அலெப்போ நகரை அடைந்த ஜேர்மானிய மருத்துவர் லெயோனார்ட் ரௌவொல்ப், மக்கள் மையைப் போற் கரிய ஒரு பானத்தைச் சூட்டோடு அருந்துவதைக் கண்டு, 1582இல் வெளிவந்த தம் பயண நூலிற் குறித்தார். இஸ்தான்புல் நகரிற் கோப்பிச்சாலைகள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தன. இலண்டனில் 1652ஆம் ஆண்டளவிற் பாஸ்குவா ரோசே என்பவர் முதற் கோப்பிச்சாலையைத் திறந்தார். இவ்விடங்களில் எல்லாம் முதலிற் பரவியது கரிய கோப்பியே.

அங்ஙனமாயின் பால் எவ்வாறு புகுந்தது? விடை அடுக்களையில் அன்று, மருத்துவர் ஏட்டிலேயே கிடைக்கின்றது. அக்கால ஐரோப்பிய மருத்துவம், உடலின் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்னுங் குணங்களின் சமநிலையே நலமெனக் கொண்டது. கோப்பி உடலை வறளச் செய்யும் என மருத்துவர் பலர் அஞ்சினர். பாலோ ஈரமும் மென்மையும் உடையது. எனவே ஒன்றின் குற்றத்தை மற்றொன்று நீக்கும் எனக் கருதப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரெனோபிள் நகர மருத்துவர் மோனென் பாற்கோப்பியை மருந்தாகவே வழங்கினார். கடிதங்களாற் புகழ்பெற்ற செவிஞே சீமாட்டி, 1690ஆம் ஆண்டளவிற் பாலுஞ் சீனியுங் கலந்த கோப்பியைப் பாராட்டி எழுதியுள்ளார். சூடு, குளிர்ச்சி பார்த்து உண்ணும் வழக்கமுடைய நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று. மருந்தாக நுழைந்தது விருந்தாக நிலைத்தது என்பதே பாற்கோப்பியின் தொடக்க வரலாறு.

ஈண்டு ஒரு கட்டுக்கதையையும் விலக்குதல் வேண்டும். 1683ஆம் ஆண்டில் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியர் தோற்றோடியபோது விட்டுச்சென்ற கோப்பி மூடைகளைக் கொல்ஷிட்ஸ்கி என்பவர் பெற்று, நகரின் முதற் கோப்பிச்சாலையைத் திறந்து, வடித்த கோப்பியிற் பால் சேர்க்கும் வழக்கத்தையும் தொடக்கினார் என்பர். இக்கதையைப் பரப்பியவர், நிகழ்ச்சிக்கு நூறு ஆண்டுகளின் பின், 1783இல் எழுதிய ஊலிக் என்னும் பாதிரியார். வியன்னாவிற் கோப்பி விற்கும் உரிமையை 1685இல் முதலிற் பெற்றவர் யொஹானஸ் தியோதாத்தோ என்னும் ஆர்மீனியர் என்பதை ஆவணங்கள் காட்டுகின்றன. வீரக்கதை இனிமையுடையதாயினும் வரலாற்று மாணவன் ஆவணத்தையே நாடவேண்டும்.

பாலின் கதை மருத்துவத்திற் பிறந்தது. சீனியின் கதையோ கண்ணீரிற் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டிற் கோப்பியும் சீனியும் ஐரோப்பாவிற் சாதாரண மக்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தமைக்குக் காரணம், கரிபியன் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகள் ஊதியமின்றி உழைத்தமையே. பிரான்சியரின் சான் டொமிங்கு குடியேற்றம் 1780களில் உலகக் கோப்பியில் ஏறத்தாழப் பாதியை விளைத்தது. சீனி ஏற்றுமதியிலும் அதுவே முன்னின்றது. ஒரே கிண்ணத்திற் கலந்த கசப்பும் இனிப்பும் ஒரே தீவின் அடிமைகளாலே ஆக்கப்பட்டன. 1791ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் அத்தீவின் அப்பகுதி ஹெயிற்றி என்னுஞ் சுதந்திர நாடாயிற்று.

அதே 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் பொக்ஸ் என்பவர், அடிமைகள் விளைத்த சீனியைத் துறக்குமாறு வேண்டிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 3,00,000 பேர் சீனியைக் கைவிட்டனர் என அடிமை ஒழிப்பு இயக்கத்தவரான தொமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். சீனியிடாது அருந்துவது அவர்கட்குச் சுவையன்று, அறம். அன்றாடப் பானம் ஒன்றை அறப்போரின் கருவியாக்கிய முயற்சிகளுள் இது முன்னோடியானது.

இங்கேதான் ஈழத்தின் பங்கு தொடங்குகின்றது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்குஞ் சட்டம் 1833இல் நிறைவேறியது. மேற்கிந்தியத் தீவுகளிற் கோப்பி விளைவு குன்றியது. 1835இற் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் இறக்குமதி வரி சமமாக்கப்பட்டது. கம்பளைக்கு அண்மையிற் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1824ஆம் ஆண்டளவிற் பயிரிடத் தொடங்கியிருந்தார். தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டம் அமைத்திருந்தார். வரிமாற்றத்தின் பின் மூலதனம் வெள்ளமெனக் கண்டி மலைகளிற் பாய்ந்தது. 1870ஆம் ஆண்டில் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரையுங் கடந்தது.

அக்கோப்பியைப் பறித்தோர் தமிழகத்திலிருந்து வந்த ஏழைத் தமிழ்மக்கள். மன்னார்க் கரையிலிறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளையை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அடிமை முறை ஒழிந்தபின் உலகின் கோப்பிக் கிண்ணத்தை நிரப்பியவர்களுள் இவர்களும் அடங்குவர் என்பதை நம் வரலாற்று நூல்கள் இன்னும் அழுத்தமாகக் கூறுதல் வேண்டும்.

1869இல் இலங்கைக் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடி படரக் காணப்பட்டது. அதுவே ஹெமிலியா வாஸ்ராட்ரிக்ஸ் எனப் பெயர்பெற்ற பங்கசு. 1880களிற் கோப்பித் தொழில் வீழ்ந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இவ்வீழ்ச்சியினாலேயே ஆங்கிலேயர் தேநீர்ப் பிரியராயினர் என்பாருமுளர். அது பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டிலேயே சீனத் தேயிலை அவர்தம் இல்லங்களில் நிலைபெற்றுவிட்டது.

ஆனால் அந்நோய் வேறொரு வகையிற் கிண்ணத்தை மாற்றியது. அது யாவாத் தீவையும் தாக்கவே, 1900ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் நோயைத் தாங்கும் ரொபஸ்ரா இனத்தை அங்குப் பயிரிட்டனர். அராபிக்கா இனத்தோடு ஒப்பிடின் இதிற் கபீன் ஏறத்தாழ இருமடங்கு, கசப்பும் மிகுதி. கசப்பு மிகுந்தவிடத்துப் பாலுஞ் சீனியும் தேவையாதல் இயல்பு. பாலிலுள்ள புரதம் கோப்பியின் துவர்ப்புப் பொருள்கள் சிலவற்றோடு பிணைந்து அவற்றைத் தணிக்கின்றது. ரொபஸ்ராவையே பெரிதும் விளைக்கும் வியட்நாமிற் புதுப்பால் அரிதாயிருந்தமையால், இனிப்பூட்டிய தகரப்பாலோடு கோப்பி அருந்தும் வழக்கம் வேரூன்றியது. தென்னிந்தியாவிற் சிக்கரி கலந்த கடுங்கோப்பிக்கு நுரை பொங்கும் பால் இன்றியமையாததாயிற்று. அங்கே கலப்பற்ற பால் சேர்ந்த கோப்பி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடுத்தர வகுப்பாரின் மதிப்புக்கும் அடையாளமாயிற்று. இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலிற் காணலாம்.

யாழ்ப்பாணத்து வழக்கம் யாது? பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் வைத்துக் கடித்தவாறு வெறுங்கோப்பியைப் பருகிய முதியோரை நம்மிற் பலர் கண்டிருப்போம். பேரீச்சம்பழம் உண்டு கரிய கோப்பி அருந்திய அரேபியரின் முறையும் இதுவே. இனிப்பு வாயில், கசப்புக் கிண்ணத்தில். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதன்று இது. பனையும் பேரீந்தும் தத்தம் வறண்ட நிலத்து மக்கட்கு அளித்த ஒரே விடை எனலாம்.

ஆகவே, வெறுங்கோப்பியே தூயது என்பாரும் பாற்கோப்பியே மரபு என்பாரும் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவராவர். கரிய கோப்பி யேமனில் வழிபாட்டுத் துணை. இலண்டனில் வாணிகர் பானம். இன்று நீரிழிவுக்கு அஞ்சுவோர்க்குக் கட்டாயம். வறியோர்க்கோ பால் வாங்க இயலாமையின் பெயர். தெரிந்து துறப்பவனும் இல்லாமையால் துறப்பவனும் அருந்துவது ஒன்றேபோற் தோன்றினும், ஒன்றன்று. இவ்விருவரையும் பிரித்தறியாத சுவையாராய்ச்சி நிறைவுடையதாகாது. கிண்ணத்தில் எதை இடுவது என்பது அவரவர் விருப்பம். அதில் இருப்பது எவருடைய உழைப்பு என்பதை அறிதலோ கற்றவர் அனைவர்க்கும் கடன்.