அறுநூறு உயிர்களும் கரைதட்டிய ஒரு கப்பலும்

கொலை வழக்கொன்றை ஆராயப் புகுவோர் முதலில் எழுப்பும் வினா, கொன்றவன் யார் என்பதாகும். 1544ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மன்னார்த் தீவில், புதிதாகக் கிறிஸ்தவ சமயம் தழுவியிருந்த கடற்றொழில் மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட வழக்கில் அந்த வினாவுக்கு இடமே இருக்கவில்லை. ஆணையிட்டவன் யாழ்ப்பாண அரசன் சங்கிலி என்பதை அவனுடைய பகைவரும் எழுதினர், அவனது நாட்டில் பிறந்த புலவரும் எழுதினார். ஐயத்துக்கு உரியவையாக எஞ்சுபவை வேறு: கொல்லப்பட்டோர் எத்தனை பேர், அவர்களுடைய ஊர் எது, அரசனின் சினத்துக்குக் காரணம் சமயமா அல்லது அதற்குப் பின்னே மறைந்திருந்த அரசியலா, தண்டிக்கப் புறப்பட்டவர்கள் ஏன் பாதிவழியில் நின்றுவிட்டனர் என்பன. சென்ற இதழில் அறிவித்தபடி, போர்த்துக்கேயர் 1560இல் யாழ்ப்பாணத்தின்மீது நடத்திய படையெடுப்பை இப்பகுதி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் படை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது என்பதால், அது வராமற்போன கதையை முதலில் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

கொலை நடந்த தீவு, இலங்கைப் பெருநிலத்தின் வடமேற்கிலுள்ள அரிப்புக் கரைக்கு வடக்கிலும் வடமேற்கிலும் கிடக்கிறது. இரண்டையும் பிணைப்பது முத்து. கடலடியில் முத்துச்சிப்பி படிந்து வளரும் திட்டுகளைப் ‘பார்’ என்றும், ஆட்சியாளரின் அனுமதியோடு குறித்த காலத்தில் நடைபெறும் முத்துக்குளிப்பைச் ‘சலாபம்’ என்றும் இக்கரையார் வழங்கிவந்தனர். இந்தக் கரையை ஆண்டவர் எவராயினும் பார்களின்மீது கண்வைத்தே ஆண்டனர் என்பதற்கு, முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகை இடிந்த நிலையிலும் சான்றாக நிற்கிறது. அதனை ‘அல்லிராணி கோட்டை’ என்று அழைக்கும் ஊரார், கட்டியவரை மறந்து கதையில் வரும் அரசிக்கு அதனை உரிமையாக்கிவிட்டனர். நோர்த் அதற்காக வருந்தியிருப்பார்; ஊராருக்கு நட்டமொன்றுமில்லை.

வழக்கின் முதற்சாட்சி புனித பிரான்சிஸ் சவேரியார். 1542ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கோவாவில் வந்திறங்கிய இவர், 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவருக்கு ஞானமுழுக்கு அளித்ததாகத் தாமே எழுதியவர். 1545ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்க்கு வரைந்த கடிதத்தில், மன்னார் மக்கள் தம்மை அழைத்தனர் என்றும், தம்மால் போக இயலாமையால் வேறொரு குருவை அனுப்பியதாகவும், அக்குருவிடம் ஞானமுழுக்குப் பெற்றவர்களை அந்நாட்டரசன் கொன்றான் என்றும் குறிப்பிடுகிறார். கொலை நடந்த காலத்தை மதிப்பிட உதவுவதும் இக்கடிதமே. செய்தி மன்னாரிலிருந்து கொச்சியை அடைய வேண்டிய நாள்களைக் கழித்துப் பார்த்தே ஆய்வாளர் பலர் 1544இன் பிற்பகுதி என்னும் முடிவுக்கு வந்தனர். ஆயினும் சவேரியார் கண்ணால் கண்ட சாட்சி அல்லர், கேட்டறிந்தவர் என்பதையும், தம் காலத்திலும் மறைசாட்சிகள், அதாவது சமயத்துக்காக உயிர் கொடுப்போர், தோன்றியதை எண்ணி மகிழ்ந்தவர் என்பதையும் மனத்தில் இருத்தியே அக்கடிதத்தைப் படிக்க வேண்டும்.

கொல்லப்பட்டோர் அறுநூறு முதல் எழுநூறு பேர் என்னும் எண்ணும், ‘பட்டிம்’ என்னும் ஊர்ப்பெயரும் பிற்காலப் போர்த்துக்கேய வரலாற்று நூல்கள் வழியே பரவியவை. அவற்றுள் தலையாயது, பெர்னாவ் டி குவைரோஸ் என்னும் இயேசு சபைக் குரு கோவாவில் இருந்தபடி எழுதி 1687இல் முடித்த நூல்; இலங்கை மண்ணில் கால் வைக்காமலேயே இலங்கைக்கு ஆயிரம் பக்கம் கண்டவர் அவர். இதே காலத்தில்தான், கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், அருவி ஆற்றின் போக்கைப் பின்பற்றிக் காடு கடந்து, 1679ஆம் ஆண்டு அக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, 1681இல் தம் நூலை அச்சேற்றினார். ஒருவர் பட்டதை எழுதினார், மற்றவர் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிறர் பட்டதாகக் கேட்டதை எழுதினார். பட்டிம் என்பது இன்றைய தோட்டவெளிப் பகுதி என்று ஒரு சாராரும் பேசாலைப் பகுதி என்று மற்றொரு சாராரும் கொள்வர். ‘பட்டி’, ‘பட்டினம்’ போன்ற பொதுச்சொல் ஒன்றே அயலார் காதில் ஊர்ப்பெயராக விழுந்திருக்கவும் கூடும். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினியாகிய மரியன்னைக்கு ஆலயம் எழுப்பி வழிபடும் மக்களுக்கு இந்த ஐயம் ஒரு பொருட்டன்று.

தமிழ்ச் சாட்சி, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை. அறுநூறு என்னும் எண்ணை அதிலும் காணலாம். இந்நூல் சங்கிலியை அறிமுகப்படுத்தும் முறையே ஒரு குற்றப்பத்திரிகை போன்றது. பரராசசேகர மன்னனுக்குப் பட்டத்துக்குரிய மக்களாகச் சிங்கவாகுவும் பண்டாரமும், மற்றொரு மனைவியிடம் பரநிருபசிங்கனும், மங்கத்தம்மாள் என்னும் ஆசைநாயகியிடம் சங்கிலியும் பிறந்தனர் என்றும், சங்கிலி மூத்தவனை நஞ்சூட்டிக் கொன்றான் என்றும், மருத்துவத்தில் வல்ல பரநிருபசிங்கன் கண்டி அரசியின் நோய் தீர்க்கப் போயிருந்த வேளை பார்த்துப் பண்டாரத்தையும் குத்திக் கொன்றான் என்றும் அது சொல்கிறது. மருத்துவன் ஊரில் இல்லாத நாளைத் தேர்ந்த அந்த நுட்பம், எந்தத் துப்பறியும் அதிகாரியையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் இச்சாட்சியத்தில் ஒரு பெரும் பழுது உண்டு. மன்னார்க் கொலைக்கு ஆணையிட்ட முதலாம் சங்கிலியையும், 1617இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, பின்னர் கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலி குமாரனையும் வைபவமாலை ஒரே ஆளாக்கிவிட்டது; இரண்டாமவனும் அரச குடும்பத்தாரைக் கொன்றே பதவிக்கு வந்தவன் ஆதலின், எந்தக் கொலை எவன் கணக்கில் சேர வேண்டும் என்பது இன்று பிரித்தறிய முடியாதபடி கலந்துபோயிற்று. நல்லூர் முத்திரைச் சந்தியில் சிலையாக நிற்கும் சங்கிலியன் முன் மாலையோடு செல்வோரிடம் எந்தச் சங்கிலி என்று கேட்டால் பலர் தயங்குவதற்கும் இக்குழப்பமே காரணம்.

இந்த ஆவணக் குவியலை ஒரு புலனாய்வாளரின் பொறுமையோடு அணுகியவர் 20ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய இயேசு சபை அறிஞர் கெயோர்க் ஷூர்ஹாமர். சவேரியார் காலத்தைச் சார்ந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைப் பட்டியலிட்ட இவர், 1928இல் வொரெட்ஸ் என்னும் இராசதந்திரியோடு இணைந்து, 1539 முதல் 1552 வரையான இலங்கை பற்றிய மூலக் கடிதங்களை இரு தொகுதிகளாக வெளியிட்டார். பிற்காலக் கதையை நம்பாமல் நிகழ்ச்சிக்கு நெருங்கிய நாளில் எழுதப்பட்ட தாளைத் தேடுவது இவரது முறை. அம்முறையால் பார்க்கும்போது, சமயவெறி கொண்ட அரசன் ஒருவன் அப்பாவிகளைக் கொன்றான் என்று ஒரே வரியில் முடிந்திருந்த வழக்கு, வேறு நிறம் கொள்கிறது.

எதிர்க்கரையில் நடந்ததைச் சங்கிலி அறிந்திருந்தான். 1536, 1537ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரவர் கூட்டமாக ஞானமுழுக்குப் பெற்றபோது, சமயத்தோடு அவர்களுடைய காவலும் போர்த்துக்கேயர் கைக்கு மாறியது. 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் மரக்காயர் படையை முறியடித்த மார்த்திம் அபொன்சோ டி சூசா, போர்த்துக்கேய இந்தியாவின் ஆளுநராகப் பதவியேற்றபின் 1543இல் யாழ்ப்பாணத்தை நோக்கிக் கப்பற்படையோடு வந்து, சங்கிலியைத் திறை செலுத்த ஒப்புக்கொள்ள வைத்தார். இதற்கிடையே அரியணைக்கு உரிமை கோரிய அரசனின் உடன்பிறந்தான் ஒருவன், தான் கிறிஸ்தவனாகத் தயார் என்று சொல்லிப் போர்த்துக்கேயரின் உதவியை நாடிக்கொண்டிருந்தான். இந்நிலையில் மன்னாரில் ஒரு குடியிருப்பு முழுவதும் தலையில் நீர் வார்க்கப்பெற்றது என்று கேட்ட அரசனுக்கு, முத்துப் பார்களும் தீவும் கைநழுவுகின்றன என்றே தோன்றியிருக்கும். இது கொலைக்கு நோக்கத்தை விளக்குமே அன்றிக் கொலையை நியாயப்படுத்தாது. குடிகளைக் காக்க வேண்டிய வாள் படகும் வலையுமன்றி வேறொன்றும் இல்லாதவர்கள்மீது பாய்ந்தது. அவனை நாட்டுப்பற்றாளன் என்று மட்டும் வருணிக்கும் நூல்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவது நேர்மையன்று.

இனி, கப்பல். சவேரியாரின் முறையீட்டை ஏற்ற ஆளுநர் டி சூசா, நாகபட்டினத்தில் கப்பல்களைத் திரட்டி, சங்கிலியை நீக்கி அவனுடைய உடன்பிறந்தானை அமர்த்துமாறு ஆணையிட்டார். இதை நேரில் காணும் எண்ணத்தோடு சவேரியாரும் நாகபட்டினம் வந்து சேர்ந்தார். ஆனால் 1545ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அங்கிருந்து தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், யாழ்ப்பாணம் கைப்பற்றப்படவில்லை என்று அவர் அறிவிக்க வேண்டியதாயிற்று. பர்மாவிலுள்ள பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று கரைதட்டியது. அதன் சரக்குச் சங்கிலியின் கையில் சிக்கியது. போர் தொடங்கினால் சரக்குத் திரும்பாது என்று அஞ்சிப் படை நிறுத்தப்பட்டது.

கரைதட்டிய கப்பலின் சரக்கு யாருக்கு உரியது? இந்தக் கடலில் அது பழைய வினா. உடைந்த கப்பலிலுள்ள அனைத்தும் கரைக்கு உரிய அரசனுக்கே என்னும் வழக்கம் இந்தியக் கரைகளில் பரவலாக இருந்தது. காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறையில் பொறித்த சாசனம், அந்த உரிமையைத் தான் விட்டுக்கொடுத்து, அஞ்ச வேண்டாம் என்று வணிகருக்கு உறுதி கூறியதால்தான் புகழ்பெற்றது. யாழ்ப்பாணக் கரைக்கோ இதற்கும் முற்பட்ட சட்டம் கல்லிலேயே உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, பேராசிரியர் கா. இந்திரபாலா படித்து வெளியிட்ட, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, வேற்று நாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்று பணித்தபின், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், வணிகச் சரக்குக் கப்பல் கெட்டால் செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு என்றும் வகுக்கிறது. குதிரைக்குச் சலுகை, துணிமணிக்குச் சரிபாதி. போருக்கு யானையும் குதிரையும் கொண்டுவருவோர் வேறு துறையை நாடிப் போய்விடக் கூடாது என்னும் கணக்கு, கல்லில் வெட்டிய அந்தச் சில வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. சிங்கள நாட்டு வேந்தன் ஒருவன் தமிழ்க் கரையில் தமிழிலேயே சட்டம் பொறித்தான் என்பதும், சட்டத்தை அறிய வேண்டியவர்கள் பேசிய மொழியில் சட்டம் இருக்க வேண்டும் என்று அவன் கருதினான் என்பதும் தனியே ஒரு கட்டுரைக்கு உரியவை. பெகுக் கப்பலின் வழக்கு அந்தக் கல்லின்முன் விசாரிக்கப்பட்டிருந்தால், சரக்கில் பாதியைச் சங்கிலி சட்டப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம், மறுபாதியைத் திருப்பியிருக்க வேண்டும். அறுநூறு பேரின் உயிருக்கு அந்தக் கல்லில் வரி ஏதும் இல்லை.

ஆகவே இவ்வழக்கில் குற்றவாளி சங்கிலியே எனினும், இழிந்தவர் என்ற பட்டம் ஆளுநர் டி சூசாவுக்கே பொருந்தும். தம் கப்பலில் சவேரியாரை இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் அவர். மறைசாட்சிகளுக்காகப் படை எழும் என்று சவேரியாருக்குச் சொல்லனுப்பியவரும் அவரே. சாக்குகளும் பொதிகளும் தராசின் மறுதட்டில் விழுந்தபோது படையை நிறுத்தியதும் அவருடைய ஆட்சியே. சவேரியார் நாகபட்டினத்தில் மேலும் காத்திராமல் மயிலாப்பூருக்குச் சென்று, அங்கிருந்து 1545இன் பிற்பகுதியில் மலாக்காவை அடைந்தார். டி சூசாவும் அதே ஆண்டில் பதவி விட்டு நீங்கினார். சங்கிலி அதன்பின் பதினைந்து ஆண்டுகள் தன் தலைநகர் நல்லூரில் அச்சமின்றி ஆண்டான்.

1560இல் கொன்ஸ்தந்தினோ டி பிரகன்சா என்னும் அரசப் பிரதிநிதி நேரில் படை நடத்தி வந்து நல்லூரைப் பிடித்ததும், அங்கு கிடைத்ததாகச் சொல்லப்பட்ட புத்தரின் புனித தந்தத்துக்கு விலை பேசி மீண்டும் பெகு நாட்டு அரசனே தூதனுப்பியதும், மன்னார்க் கோட்டைக்கு அடிக்கல் இடப்பட்டதும் இவ்விதழில் இடம்பெற வேண்டியவை. கப்பலும் கல்வெட்டும் அவற்றுக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டமையால், அவை அடுத்த இதழுக்கு விடப்படுகின்றன.