கூடி வாழ்ந்தோர் கூடி முடிவெடுத்தார்களா?

ஒரு வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்து எண்ணம் இருக்கும். பெண்ணை எங்கே கொடுப்பது, பையனை எதுவரை படிக்க வைப்பது என்று பேசி முடிப்பதற்குள் அடுப்பே அணைந்துவிடும். ஒரு வீட்டுக்கே இந்தப் பாடு என்றால், பல குடும்பங்கள் ஒரே நிலத்தில் உழைத்து, ஒரே பெட்டியில் பணத்தைப் போட்டு வாழ முற்பட்டால் யார் சொல் எடுபடும்? சமய நம்பிக்கையின் பேரில் அவ்வாறு கூடி வாழ முயன்ற சில கிறிஸ்தவக் கூட்டங்களின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் நமக்கு அருகிலுள்ள ஊர். கெடாவுக்குத் தெற்கே, பேராக் மாநிலத்தில் பாகான் செராய். 1882ஆம் ஆண்டு ஃபே என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு அங்கே தமிழ்க் குடும்பங்களுக்கென ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். அதுவே சூசையப்பர் பட்டணம். தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் கொண்டுவந்த காலம் அது. துரை சொன்னதே சட்டமாக இருந்த நாளில், மனைவி மக்களோடு நிலைத்து வாழ ஓர் இடம் கிடைத்தது பெரிய பேறு. ஆனால் அந்த ஊரைத் தோற்றுவித்ததும் வழிநடத்தியதும் குருமார்களே. தந்தையும் பிள்ளைகளும் என்ற முறை அது.

இனித் தமிழகத்துக்கு வருவோம். 1921இல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' பிறந்தது. அதை நிறுவியவர்கள் இரு மருத்துவர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். வெள்ளை மிஷனரிக்கு ஒரு நிலை, இந்திய ஊழியருக்கு வேறொரு நிலை என்றிருந்த நாளில், இவர்கள் ஒரே குலமாகத் தரையில் அமர்ந்து உண்டார்கள். மக்கள் ஜேசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும், பேட்டனைச் 'சின்னண்ணன்' என்றும் அழைத்தார்கள். ஆளுகின்ற இனத்தவர் தம்பியாக நின்றார் என்பதைக் கவனியுங்கள்! பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பம். அவரோ கதராடை உடுத்தினார். 1932இல் சென்னையில் போலீசாரிடம் அடிபட்டார். அந்தச் செய்தி பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரை சென்றது.

ஆனால் ஒன்று. ஆசிரமத்து உறுப்பினர்கள் மணம் செய்யாதவர்கள். குடும்பம் என்று பெயர், குடும்பஸ்தர் இல்லை. ஜேசுதாசன் 1969இலும் பேட்டன் 1970இலும் மறைந்தார்கள். அதன்பின் அவர்களைப் போல முழு வாழ்வையும் கொடுக்க வருவோர் அருகினர்.

மனைவி மக்களோடு கூடி வாழ முடியுமா? முடியும் என்று காட்டியது 'புரூடர்ஹோஃப்' என்னும் கூட்டம். 1920இல் ஜெர்மனியின் சன்னர்ஸ் கிராமத்தில் ஏபர்ஹார்ட் ஆர்னால்டும் அவர் மனைவி எம்மியும் தொடங்கியது இது. 1937இல் நாஜி அரசு இவர்களை நாட்டைவிட்டு விரட்டியது. இங்கிலாந்து சென்று, பின் 1941இல் தென் அமெரிக்காவின் பராகுவேயில் குடியேறினார்கள். இவர்களிடம் தனிச் சொத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறைகள் உண்டு. பெரிய முடிவுகளை வாக்கெடுத்துத் தீர்ப்பதில்லை. அனைவரும் ஒரே மனதாக இசையும் வரை பேசுவார்கள்.

கேட்க இனிமைதான். ஆனால் எல்லாரும் இசைய வேண்டும் என்றால், இசையாதவர் என்ன ஆவார்? 1959 முதல் 1961 வரை அங்கே பெரும் பிளவு ஏற்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். சொத்தே இல்லாதவர்கள் பிள்ளைகளோடு வெறுங்கையாக வெளியே வந்தால் என்ன பாடு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வட அமெரிக்காவில் வாழும் ஹட்டரைட்டு மக்களும் சொத்தைப் பொதுவில் வைப்பவர்கள். அங்கே ஓட்டுப்போடும் உரிமை திருமுழுக்குப் பெற்ற ஆண்களுக்கே என்பது நெடுநாள் வழக்கம். சமையற்கட்டையும் தோட்டத்தையும் காக்கும் பெண்களுக்கு அந்த வாக்கு இல்லை.

நம் மக்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோயின. அப்போது 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி, நூறு வெள்ளிப் பங்கைத் தொழிலாளி வாங்க முடிந்தது. சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். இது மதக் கூட்டமன்று. சொத்து முழுவதையும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே மனதாக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரு பங்கு வைத்தவருக்கும் நூறு பங்கு வைத்தவருக்கும் ஒரே வாக்கு என்பதே கூட்டுறவின் அடிப்படை. மாறுபட்டு வாக்களித்தவரும் மறுநாள் உறுப்பினரே.

நேயர்களே, கூடி வாழ்வதற்கு அன்பு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அன்பு மட்டும் போதவில்லை என்பதைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது. 'எனக்கு இதில் சம்மதமில்லை' என்று சொன்னவரும் அதே பந்தியில் அமர்ந்து உண்ண இடம் இருக்கவேண்டும். உங்கள் வீட்டில் அடுத்த முடிவு எடுக்கும்போது, இதுவரை பேசாமல் இருந்தவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாகவோ வளர்ந்த பிள்ளையாகவோ இருக்கும். முதலில் அவர்களைக் கேளுங்கள்.