கோவிந்தராஜன் பத்மநாபன்

கோவிந்தராஜன் பத்மநாபன் (பிறப்பு: மார்ச் 20, 1938, சென்னை) உயிர்வேதியியலாளர், மூலக்கூற்று உயிரியலாளர். மலேரியா ஒட்டுண்ணி குறித்த ஆய்வுகளால் பெயர் பெற்றவர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியலும், டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியலும் படித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. எஸ். சர்மாவிடம் ஆய்வு செய்து 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே பேராசிரியராகி, 1994 முதல் 1998 வரை இயக்குநராகவும் இருந்தார். பட்நாகர் விருது (1983), பத்மஸ்ரீ (1991), பத்மபூஷண் (2003) ஆகியவை அவருக்குக் கிடைத்தன.

தொடக்க கால ஆய்வுகள் எலியின் கல்லீரலில் நடந்தவை. பினோபார்பிடோன் மருந்து கொடுத்தால் அங்கே மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி-450 நொதிகள் பெருகும். மரபணு படியெடுக்கப்படும் கட்டத்திலேயே இந்தப் பெருக்கம் தூண்டப்படுகிறது, அதில் இரும்பு கொண்ட ஹீம் மூலக்கூறுக்கும் பங்குண்டு என்று அவருடைய ஆய்வகம் காட்டியது.

அந்த ஹீமே அவரை மலேரியாவுக்குக் கொண்டுவந்தது எனலாம். பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து ஈமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அப்போது வெளிப்படும் ஹீம் அதற்கு நஞ்சு; அதை ஈமோசோயின் என்ற படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து தடுப்பது இந்த வேலையைத்தான். இவ்வளவு ஹீம் சுற்றிலும் கிடக்க, ஒட்டுண்ணி தனக்கென்று தனியே ஹீம் தயாரிக்கிறது என்று 1992இல் நமிதா சுரோலியாவும் பத்மநாபனும் அறிவித்தார்கள். அந்தத் தயாரிப்பை முடக்கினால் ஒட்டுண்ணி சாகும், புதிய மருந்துக்கு வழி பிறக்கும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஹீம் தயாரிக்கும் மரபணுக்களை எலி மலேரியா ஒட்டுண்ணியிலிருந்து நீக்கிப் பார்த்தபோது அது இரத்தத்தில் வழக்கம்போல் வளர்ந்தது. கொசுவின் உடலிலும் எலியின் கல்லீரலிலும்தான் தடுமாறியது. தன் கருத்தையே திருத்தும் இம்முடிவை 2013இல் அவருடைய குழுவே வெளியிட்டது. அவருடைய பணிகளில் தனித்து மதிக்கத்தக்கது இதுதான்.

இடையே மஞ்சளின் குர்குமினை ஆர்ட்டிமிசினின் வகை மருந்துடன் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்து, மலேரியா மீண்டும் தலைதூக்காமல் தடுக்க முடிவதையும் காட்டினார். செய்தித்தாள்களுக்குப் பிடித்துப்போனது இந்த மஞ்சள் கதை. குர்குமின் குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை என்ற சிக்கல் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஹீம் கேள்வியை அவர் விட்டுவிடவில்லை. புவனேசுவரம் உயிர் அறிவியல் நிறுவனத்தில் அவருடைய முன்னாள் மாணவர் நாகராஜின் குழுவோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரை, ஒட்டுண்ணி தானே தயாரிக்கும் ஹீம் மூளை மலேரியாவைத் தீவிரப்படுத்துகிறது என்று எலிகளில் நிறுவியது. ஹீம் உற்பத்தியின் கடைசிப் படியைத் தடுத்து அந்த எலிகளைக் காப்பாற்றிய மருந்து, படர்தாமரைக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதிக் கொடுக்கும் கிரிசியோபல்வின்.