வாக்குறுதியும் வாக்குச்சீட்டும்

பதவியில் ஏறியவர் வரலாற்றினும் பதவியிழந்தவர் வரலாறு சில வேளைகளிற் கூடிய பயன் தருவதுண்டு. இலங்கையின் மூன்றாவது பிரதம மந்திரி சேர் ஜோன் கொத்தலாவலை 1953 ஒக்டோபரிற் பதவியேற்று, 1956 ஏப்ரலில் அதனை இழந்தார். அந்த இரண்டரை ஆண்டுக் காலத்துள் அவர் அளித்துப் பின் கைவிட்ட ஒரு வாக்குறுதியின் விளைவு, அவர் வாழ்நாளையுங் கடந்து நின்றது.

கொழும்பு றோயல் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்ற அவர், 1931 இல் அரசாங்க சபையிற் புகுந்தார். 1936 இல் மந்திரியானார். 1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க காலமானபோது பிரதமர் பதவி தமக்கே வருமென அவர் நம்பியிருந்தார். அது டட்லி சேனநாயக்கவுக்குச் சென்றது. அடுத்த ஆண்டிற் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அதனால் ஆகஸ்டு 12 ஆந் திகதி ஹர்த்தால் மூண்டது, உயிர்கள் பலியாயின. டட்லி பதவி துறந்தார். காத்திருந்தவர் கைக்குப் பதவி வந்தது.

வெளியுலகில் அவர் பெயர் விரைவிற் பரவியது. 1954 இல் ஆசிய நாடுகள் ஐந்தின் பிரதமர்களைக் கொழும்பிற் கூட்டினார். 1955 இற் பாண்டுங் மாநாட்டிலே பொதுவுடைமை வல்லரசின் ஆதிக்கத்தையும் குடியேற்ற ஆதிக்கமாகவே கருதவேண்டுமெனத் துணிந்து பேசினார். அவ்வாண்டு டிசம்பரில் இலங்கை ஐக்கிய நாடுகள் தாபனத்தில் அங்கத்துவம் பெற்றது.

உள்நாட்டிலோ நிலைமை வேறு. 1954 இல் யாழ்ப்பாணஞ் சென்றபோது, சிங்களத்துக்கும் தமிழுக்கும் அரசியலமைப்பிற் சம அந்தஸ்து வழங்குவதாக அவர் வாக்களித்தார். தெற்கே எதிர்ப்புப் புயல் எழுந்தது. அவ்வெதிர்ப்பை வெறும் இனத்துவேஷமென்று ஒதுக்கிவிடலாகாது. ஆங்கிலங் கற்ற சிலரே உத்தியோகங்களை வகிக்க, சிங்களம் மட்டுங் கற்ற ஆசிரியரும் சுதேச வைத்தியரும் கிராம இளைஞரும் நெடுங்காலம் வெளியே நின்றனர். மொழி அவர்களுக்குப் பிழைப்பின் கதவு. ஆயின், அதே கதவு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அரசாங்க இலிகிதர் வேலையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் பிழைப்பின் கதவாகவே இருந்தது. இருவர்க்கும் வழி காண்பதே அரசினர் கடமை.

பிரதமர் அவ்வழியை நாடவில்லை. எதிர்ப்பு வலுத்தபோது முதலில் தயங்கினார். பின்னர் வாக்கை மாற்றினார். 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி, சிங்களமே அரசகரும மொழி எனத் தீர்மானித்தது. கட்சியிலிருந்த தமிழர் விலகினர். சிங்கள மக்களோ, இரண்டு மாதம் முன்னரே அக்கொள்கையை ஏற்றுவிட்ட எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவையே நம்பினர். புத்த ஜயந்திக்கு முன் தேர்தல் வைத்தமை பிக்குகளின் சினத்தை வளர்த்தது. அவர்கள் வீடுவீடாகச் சென்று பிரசாரஞ் செய்தனர். எதிர்க்கட்சிகளும் தொகுதிகளைப் பகிர்ந்துகொண்டு போட்டியைத் தவிர்த்தன.

தொண்ணூற்றைந்து ஆசனங்களில் பண்டாரநாயக்கவின் முன்னணி 51 ஐ வென்றது. 1952 இல் 54 ஆசனம் பெற்றிருந்த ஆளுங்கட்சிக்கு எஞ்சியவை எட்டு. தொடங்கஸ்லந்தைத் தொகுதி மட்டும் சேர் ஜோனைக் கைவிடவில்லை. அவ்வாண்டு ஜூனிலேயே தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது.

வென்றவருக்கும் அதே சோதனை காத்திருந்தது. பண்டாரநாயக்க 1957 இற் செல்வநாயகத்துடன் ஒப்பந்தஞ் செய்தார். 1958 இல் எதிர்ப்புக்கு அஞ்சி அதனைக் கிழித்தெறிந்தார். வாக்களிப்பதும் பின்வாங்குவதும் இந்நாட்டரசியலில் இவ்வாறே வழக்கமாயின.

அரசியலினின்று ஒதுங்கிய சேர் ஜோன், இங்கிலாந்திற் பல்லாண்டு வாழ்ந்தார். இரத்மலானையிலிருந்த தமது கந்தவல இல்லத்தைப் படையினர் கல்விக்கென வழங்கினார். இன்று அங்கு அவர் பெயரிற் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. 1980 ஒக்டோபர் 2 ஆந் திகதி அவர் காலமானார்.

தமிழும் அரசகரும மொழியாகும் என்ற வாசகம் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலமே அரசியலமைப்பில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் வாக்களித்த நாளிலிருந்து அதற்கு 33 ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் நாடு எத்துணைக் கலவரங்களையும் உயிரிழப்பையுங் கண்டது! சேர் ஜோன் தம் வாக்கில் உறுதியாய் நின்றிருந்தாலும் தேர்தலில் தோற்றிருக்கக்கூடும். ஆனால் அதனைக் கைவிட்டும் அவரால் வெல்ல முடியவில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை.