விவாகரத்து, குழந்தை வளர்ப்புரிமை வழக்குகளுக்கு வழக்கறிஞர் அமர்த்துதல் (பள்ளிப்பட்டு)

பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய வட்டம். திருத்தணியோடு இப்பகுதியும் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் கொள்வினை கொடுப்பினை நின்றுவிடவில்லை. ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கம் சம்பந்தம் வைத்த குடும்பங்கள் இங்கு உண்டு. ஆகவே இவ்வட்டத்தில் மணமுறிவு என்று வந்தால், எந்த வக்கீல் என்பதற்கு முன்பே எந்த ஊர்க் கோர்ட் என்ற கேள்வி எழுகிறது.

இந்து திருமணச் சட்டத்தின் (1955) 19ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் குடியிருக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் எங்கும் மனுப்போடலாம். மனைவி மனுதாரரானால், 2003 திருத்தத்துக்குப் பின் தாம் வசிக்கும் இடத்திலேயே போடலாம். நகரியில் தாலி கட்டி, இவ்வட்டத்துப் பொதட்டூர்பேட்டையில் குடித்தனம் நடத்திய தம்பதியில் கணவர் ஆந்திரத்திலும் மனைவி தமிழ்நாட்டிலும் வழக்குப் போட்டால் இரண்டுமே செல்லும். ஒன்றை மற்றதன் இடத்துக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். தமிழ்நாட்டுக்குள் என்றால் சென்னை உயர் நீதிமன்றமே மாற்றித்தரும். மாநிலம் தாண்டினால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்று 2008இல் தீர்ப்பானது. பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் ஊருக்கு வழக்கை மாற்ற டெல்லியில் மனுப்போட வேண்டியிருப்பது எல்லைப்புறத்தாருக்கு வாய்த்த தனிச் செலவு. வழக்கறிஞர் சட்டத்தின் 30ஆம் பிரிவு 2011இல் நடைமுறைக்கு வந்தபின், எந்த மாநிலத்தில் பதிவுசெய்த வக்கீலும் நாடெங்கும் வழக்காடலாம். இருந்தாலும் வாய்தாதோறும் வரக்கூடியவரும், தெலுங்கு ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவருமே இங்கு உதவுவார்.

விவாகரத்து மனுவை முன்சீப் கோர்ட் விசாரிக்காது. குடும்பநல நீதிமன்றமோ, அது இல்லாத இடத்தில் சப் கோர்ட் எனப்படும் சார்பு நீதிமன்றமோ விசாரிக்கும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் (2005) கீழான மனுவோ மாஜிஸ்திரேட்டிடம் போகும். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் (1984) 13ஆம் பிரிவு, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகத் தரவில்லை. நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் வக்கீல் ஆஜராகிறார். நடைமுறையில் அனுமதி எளிதாகவே கிடைக்கிறது.

குழந்தை வழக்கு வேறு வகை. காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் (1890), குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. “பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்று உறவினர் சொல்வது சகஜம். ஒரே இரவில் எல்லை தாண்டியதால் குழந்தையின் வசிப்பிடம் மாறிவிடாது. எதிர்த்தரப்பு ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போகவும் அது வழிவிடும். இந்த யோசனையை வக்கீலே சொன்னால், வேறு வக்கீலைப் பார்ப்பது நல்லது. இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் (1956) தந்தையை இயற்கைக் காப்பாளராக முதலில் வைத்தாலும், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் காப்பாளராகலாம் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே நிற்கும். ஆகவே பள்ளி, மருத்துவம், அன்றாடம் பார்த்துக்கொள்பவர் பற்றிய விவரங்களை முதல் சந்திப்பிலேயே கேட்கும் வக்கீல் வேலை தெரிந்தவர். வளர்ப்புரிமை உத்தரவு நிரந்தரமானதல்ல. சூழ்நிலை மாறினால் திருத்தக் கேட்கலாம். வழக்கு நடக்கும்போதே பிள்ளையைப் பார்க்க இடைக்கால மனுவும் போடலாம்.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்க இந்திய பார் கவுன்சில் விதி 36 தடைவிதிக்கிறது. இணையத் தளங்கள் வழியே அப்படிச் செய்வோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. ஜெயித்தால் இவ்வளவு, வரும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் விதிமீறல்தான். தொகையை, தவணையை, மேல்முறையீடு அதில் அடங்குமா என்பதை எழுதி வாங்குவது நல்லது. வக்காலத்தில் கையெழுத்திடலாம், வெற்றுத்தாளில் கூடாது. கட்டணப் பாக்கிக்காக வக்கீல் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வக்கீலை மாற்ற நினைப்பவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் தீர்ப்பானது. இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் மனு எழுதும் பழக்கம் இருக்கிறது. செலவு மிச்சம்தான், ஆனால் ஜீவனாம்சமும் குழந்தையைப் பார்க்கும் நாட்களும் எழுதப்படும் பத்தியை அவரவர் சொந்த வக்கீல் ஒருமுறை படித்துவிடுவதே பாதுகாப்பு.

பணமில்லாதவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வக்கீல் கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இதைத் தருகிறது. அதே பட்டியலில் ஆலைத் தொழிலாளியும் இருக்கிறார் என்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகும் பலருக்குத் தெரியாது. திருவள்ளூரில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்; 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.