சிறுவர் கையில் கொடி: நார்வேயின் மே 17 ஊர்வலம் உருவான கதை

நார்வேயின் அரசியலமைப்பு நாளான மே 17 அன்று அந்நாட்டின் தெருக்களை நிறைப்பது ராணுவம் அல்ல, பள்ளிப் பிள்ளைகள். ஓஸ்லோவில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் தத்தம் பள்ளிப் பதாகைக்கும் வாத்தியக் குழுவுக்கும் பின்னால் கார்ல் யூஹான் வீதி வழியாக அரண்மனைக்கு நடக்கிறார்கள். அரச குடும்பத்தினர் மாடத்தில் நின்று கையசைக்கிறார்கள். பள்ளி வயது எட்டாத குழந்தைகள் தள்ளுவண்டியிலும் அப்பாவின் தோளிலும் இருந்தபடி சிறு கொடியை ஆட்டுகின்றன. கட்சி அரசியல் எதுவும் கலவாத நாள் என்றுதான் நார்வேக்காரர்கள் இதை அறிமுகப்படுத்துவார்கள். ஆனால் இந்த ஊர்வலம் தொடங்கியதே அரசியலில்தான். அந்த அரசியல் வென்றுவிட்டதால்தான் இன்று அது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கை நார்வேயை டென்மார்க்கிடமிருந்து பறித்து ஸ்வீடனிடம் கொடுத்தது. அதை ஏற்க மறுத்து எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடிய 112 பிரதிநிதிகள் ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். அதை நிறைவுசெய்த நாள் மே 17. சுதந்திரம் சில மாதங்களே நீடித்தது. நவம்பரில் நார்வே ஸ்வீடனோடு ஒன்றியமாகி அதன் அரசருக்குக் கீழ் வந்தது. அரசியலமைப்பு மட்டும், சில திருத்தங்களோடு, தப்பிப் பிழைத்தது. ஆகவே மே 17ஐக் கொண்டாடுவது என்றால் ஒன்றியத்துக்கு முந்தைய நார்வேயைக் கொண்டாடுவது என்று பொருள். நெப்போலியனின் தளபதியாக இருந்து ஸ்வீடனின் அரசரான கார்ல் யூஹானுக்கு இது நன்றாகவே புரிந்தது. 1820களின் இறுதியில் கொண்டாட்டத்துக்குத் தடை வந்தது. பிள்ளைகள் இன்று நடக்கும் வீதிக்கு அவர் பெயரே இருப்பது வரலாறு செய்த குறும்பு.

1829 மே 17 அன்று 'கான்ஸ்டிட்யூஷனன்' என்ற நீராவிக் கப்பல் கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) துறைமுகத்துக்கு வந்தது. பெயரே அரசியலமைப்பு. கப்பலை வாழ்த்த வந்த கூட்டம் கலையாமல் சந்தைத் திடலில் நின்றது. குதிரைப்படை ஏவப்பட்டது. அடிபட்டவர்களில் ஒருவர் 20 வயது மாணவரும் கவிஞருமான ஹென்ரிக் வெர்கெலான். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் அரசுக்கு அவமானம் மிஞ்சியது. தடையைத் தொடர்ந்து நிலைநிறுத்த முடியவில்லை. 1841இல் வெர்கெலான் சிறுவர்களுக்கென்றே ஒரு தேசியப் பாடல் எழுதினார். முழ உயரப் பொடியன்களும் தேசத்தின் பகுதி என்பது அதன் கருத்து. ஊர்வலம் தோன்றுவதற்கு ஒரு தலைமுறை முன்னரே அதற்கான பாடல் தயாராகிவிட்டது.

ஊர்வலத்தை உண்மையாக்கியவர்கள் எழுத்தாளர் பியோர்ன்ஸ்ட்யெர்னே பியோர்ன்சனும் பள்ளித் தலைமையாசிரியர் பேட்டர் குவாமும். 1870இல் கிறிஸ்தியானியாவில் சுமார் 1,200 சிறுவர்கள் கொடி பிடித்து நடந்தார்கள். பியோர்ன்சனின் பாடல் 1864 மே 17 அன்று எய்ட்ஸ்வோலில் பொதுவில் பாடப்பட்டு, மெல்ல மெல்ல தேசிய கீதமாகிக்கொண்டிருந்த காலம் அது. பியோர்ன்சன் வெறும் கவிஞர் அல்லர், ஒன்றியத்தில் சம உரிமை கேட்ட இடதுசாரித் தரப்பின் உரத்த குரல். ஸ்வீடனின் அரசர் சார்பில் நார்வேயை ஆளும் ஆளுநர் பதவியே வேண்டாம் என்று நார்வே நாடாளுமன்றம் எடுத்த முடிவை 1860இல் அரசர் நிராகரித்திருந்தார். அந்தப் புண் ஆறாத பத்தாண்டின் முடிவில்தான் சிறுவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஏன் சிறுவர்கள்? வரலாற்றாசிரியர்கள் கல்வி, தேசிய உணர்வு என்று விளக்குவார்கள். அது சரிதான். இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். 1829இல் மாணவர்கள் மீதும் கடைக்காரர்கள் மீதும் குதிரையை விட முடிந்தது. எட்டு வயதுப் பையன்கள் வரிசையாகப் பாடிக்கொண்டு வரும்போது எந்த அதிகாரி வாளை உருவுவான்? பியோர்ன்சன் இதைக் கணக்குப் போட்டுச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விளைவு அதுதான். அடிக்க முடியாதவர்கள் கையில் ஒரு கோரிக்கை போய்ச் சேர்ந்தது.

அந்தக் கோரிக்கையின் வடிவம் கொடி. 1821இல் பிரெட்ரிக் மெல்ட்சர் வரைந்த சிவப்பு, வெள்ளை, நீலச் சிலுவைக் கொடியின் மூலையில் 1844இல் ஒன்றியச் சின்னம் ஒன்று ஒட்டப்பட்டது. இரு நாட்டு நிறங்களும் குழம்பிக் கிடந்த அந்தச் சின்னத்தை மக்கள் 'ஹெர்ரிங் மீன் சாலட்' என்று கேலி செய்தார்கள். 1879இல் சின்னமில்லாத 'தூய கொடி' வேண்டும் என்ற முன்மொழிவு நாடாளுமன்றத்துக்கு வந்ததும் நாடு இரண்டாகப் பிரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒருவர் எந்தக் கொடியை ஏற்றுகிறார் என்பதே அவருடைய கட்சியைக் காட்டியது. பிள்ளையின் கையில் இருந்த துணியும் அதே கதையைத்தான் சொன்னது. வெவ்வேறு காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று நாடாளுமன்றங்கள் ஒரே சட்டத்தை நிறைவேற்றினால் அரசரின் ஒப்புதல் இல்லாமலே அது செல்லும் என்பது 1814 அரசியலமைப்பின் விதி. 1893, 1896, 1898 என மூன்று முறை நிறைவேறி, கொடிச் சட்டம் அவ்வழியே வென்றது. மே 17 எந்த ஆவணத்தைக் கொண்டாடியதோ அந்த ஆவணமே தூய கொடியையும் பெற்றுத் தந்தது.

இதற்கிடையில் 1889இல்தான் பெண்பிள்ளைகள் ஊர்வலத்தில் சேர்க்கப்பட்டார்கள். முதல் பத்தொன்பது ஆண்டுகள் 'தேசத்தின் எதிர்காலம்' என்றால் ஆண்பிள்ளைகள் மட்டுமே. 1889இல் ஏழு வயதில் நடந்த ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். 1905 ஆகஸ்ட் 13 அன்று ஒன்றியத்தைக் கலைப்பது பற்றி வாக்கெடுப்பு நடந்தபோது அவளுக்கு 23 வயது. ஆதரவாக 3,68,208 வாக்குகள், எதிராக 184. அவற்றில் அவளுடையது இல்லை, ஏனெனில் பெண்களுக்கு வாக்கில்லை. பெண்கள் தாங்களாகவே கையெழுத்து இயக்கம் நடத்தி இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் திரட்டினார்கள். முழு வாக்குரிமை 1913இல் வந்தபோது அவளுக்கு 31. ஊர்வலத்தில் கிடைத்த இடம் வாக்குச்சாவடியில் கிடைக்க ஒரு தலைமுறை ஆனது.

1905க்குப் பின் ஊர்வலத்தின் தன்மை மாறியது. புதிய அரசர் ஏழாம் ஹோகோன் 1906 முதல் மாடத்திலிருந்து பிள்ளைகளை வரவேற்றார். ஒரு அரசருக்கு எதிரான செயலாகத் தொடங்கியது இன்னொரு அரசருக்கு முன்னால் நடக்கும் சடங்கானது. கோரிக்கை நிறைவேறிவிட்டதால் அது கோரிக்கையாகவே தெரியவில்லை. தொழிலாளர் இயக்கம் மட்டும் நெடுநாள் விலகி நின்றது. மே 17 முதலாளிகளின் நாள், நம்முடையது மே 1 என்ற எண்ணம் 1920களில் வலுவாக இருந்தது. 1930களில்தான் அந்த இடைவெளி சுருங்கியது.

ஜெர்மன் ஆக்கிரமிப்பில் மே 17 கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டது. இங்கே ஒரு செய்தி தனிக் கவனத்துக்கு உரியது. 1942 பிப்ரவரியில், ஜெர்மானியரோடு ஒத்துழைத்த க்விஸ்லிங் அரசு 10 முதல் 18 வயது வரையுள்ள எல்லாரும் தன் கட்சியின் இளைஞர் அமைப்பில் சேவை செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. பிள்ளைகளோடு கொடியின் கீழ் நடந்து பழகிய பெற்றோர்கள் இதற்கு இணங்கவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புக் கடிதங்கள் அரசுக்குப் போயின என்பது வழக்கமான மதிப்பீடு. ஆசிரியர்கள் பெருமளவில் மறுத்தார்கள். சுமார் 1,100 பேர் கைதாகி, அவர்களில் பல நூறு பேர் வட எல்லையில் உள்ள கிர்க்கெனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். சட்டம் நடைமுறையில் செத்துப்போனது. குழந்தையோடு நடப்பதும் குழந்தையை நடத்துவதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பெற்றோர் எந்தக் கோட்பாட்டு நூலும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். விடுதலை 1945 மே 8 அன்று வந்தது. ஒன்பது நாள் கழித்து பிள்ளைகள் மீண்டும் தெருவில்.

'எல்லாருக்குமான நாள்' என்ற பெயர் நிலைத்த பின்தான் அந்த 'எல்லாரில்' யார் யார் என்ற கேள்வி கூர்மையானது. கேள்வி பழையதுதான். கொண்டாடப்படும் அரசியலமைப்பே யூதர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்றது. வெர்கெலான் அதை எதிர்த்துப் போராடி 1845இல் இறந்தார். 1851இல்தான் அந்த விதி நீங்கியது. இன்றும் மே 17 காலையில் ஓஸ்லோ யூதச் சமூகத்தினர் அவர் கல்லறையில் மலர்வளையம் வைக்கிறார்கள். 1983இல் குடியேறியவர்களின் பிள்ளைகள் பலர் படித்த ஓஸ்லோவின் சாகெனெ பள்ளி, ஊர்வலத்தில் நடந்தால் குண்டு வைப்போம் என்ற மிரட்டலுக்கு உள்ளானது. பள்ளி நடந்தது. 1999இல் பாகிஸ்தானில் பிறந்த ருபினா ரானா ஓஸ்லோவின் மே 17 குழுத் தலைவராக ஊர்வலத்தின் முன்னே நடந்தபோது அவருக்கும் கொலை மிரட்டல் வந்தது. 2008இல் சண்டை மறுபடியும் பிள்ளையின் கையில் இருக்கும் கொடிக்கு வந்து சேர்ந்தது. பெற்றோரின் தாய்நாட்டுக் கொடியைப் பிடிக்கலாமா என்று ஓஸ்லோ பெரியவர்கள் விவாதித்தார்கள். தடை என்று எடுத்த முடிவு எதிர்ப்பால் தளர்த்தப்பட்டது.

இந்த வரலாற்றில் தமிழருக்கும் இடம் உண்டு. 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து போய் நார்வேயின் வடகோடியில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளி வரிசையில் நடந்தவர்களே. அந்த வீடுகளில் நாட்காட்டி சற்று விசித்திரமானது. மே 17க்கு மறுநாள் முள்ளிவாய்க்கால் நினைவு நாள். முதல் நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தால் அது பண்டிகை. மறுநாள் அதே பிள்ளையோடு நினைவுப் பேரணிக்குப் போனால், இத்தனை சின்ன வயதில் அரசியலா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பியோர்ன்சனும் குவாமும் கூட்டிவந்த 1,200 சிறுவர்களை அன்றைய நார்வேயில் வைத்துப் பார்த்தால், அவர்கள் நின்றது இந்த இரண்டாம் நாளின் பக்கம்.